கோதுமை வேரை ஆராய்ந்தால் மண் எப்படி வளமாகும்? ராமநாதபுரம் கடலோரத்துக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

நான் திருப்புல்லாணிப் பக்கம். எங்களுக்குக் கோதுமை ரேஷன் கடையில் வரும் சாமான், அவ்வளவுதான். ஆனால் முதுகலை ஆய்வுக்காக வடக்கே போய் ஒரு பருவம் முழுக்கக் கோதுமை வேர் கழுவியிருக்கிறேன்.

லேசான வேலை இல்லை. இரும்புக் குழாயை அடித்து இறக்கி மண்ணை உருளையாக எடுத்து, ராத்திரி ஊறப்போட்டு, சல்லடையில் அலசி, மயிர் போன்ற வேர்களை இடுக்கியால் பொறுக்க வேண்டும். நாளைக்கு ஏழெட்டு உருளை முடித்தால் பெரிது. கதிரை எண்ண ஐந்து நிமிடம் போதும். இத்தனை காலம் கதிரைப் பார்த்தே ரகம் தேர்ந்ததற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதல் வேர்கள் எந்தக் கோணத்தில் இறங்குகின்றன, எவ்வளவு ஆழம் போகின்றன, பிடுங்கி உதறிய பிறகும் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். வேர்த்தூவியும் வேர் கசியும் பசையும்தான் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மண் பொலபொலவென்று இருப்பதில் அந்தப் பசைக்குப் பங்குண்டு. வேர் மக்கிய துளை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. யூரியா மண்ணில் அம்மோனியமாகி, அப்புறம் பாக்டீரியாவால் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. எங்கள் மணல்சாரி நிலத்தில் ஒரு ஐப்பசி மழை போதும், போட்ட காசு கீழே போய்விடும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றிலும் கலக்கும். அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடேற்றக்கூடியது. லைமஸ் என்ற காட்டுப்புல்லின் வேரோ அந்தப் பாக்டீரியாவை அடக்கும் பொருளைக் கசிகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகளும் மெக்சிகோவிலுள்ள சிம்மிட் என்ற பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அதன் குரோமோசோம் துண்டு ஒன்றைக் கோதுமைக்குக் கொண்டுவந்து, 2021-இல் வெளியிட்டார்கள். அந்தப் புல் வளர்வது எங்கே தெரியுமா? மணல்மேட்டில். சேதுக்கரை மணலில் கிடக்கும் ராவணன் மீசை வேறு புல்தான். ஆனாலும் படித்தபோது, சின்ன வயதில் காற்றில் உருண்டோடும் அதன் முள்ளுருண்டையைத் துரத்திய ஞாபகம் வந்துவிட்டது.

சரி, நமக்கு என்ன? நம் சோளத்தின் வேருக்கே இந்தக் குணம் இயல்பாக உண்டு. கசியும் பொருளுக்கு சோர்கோலியோன் என்று பெயர். ஆழ வேர் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். கீழே உவர்த்தண்ணீர் நிற்கும் நிலத்தில் ஆழமாகப் போன வேர் உப்பைத்தான் குடிக்கும்.

படிப்பு முடிந்து வந்தபோது அப்பா கேட்டார்: "அங்க போயி கோதுமை வேரக் கழுவுனியே, நம்ம மிளகா வேர ஒருநா பாத்திருக்கியா?" பார்த்ததில்லை. மறுநாள் மண்வெட்டியோடு போனேன். நேரடியாக விதைத்த குண்டு மிளகாய். ஆணிவேர் முக்கால் அடி இறங்கி, அப்படியே பக்கவாட்டில் மடங்கியிருந்தது. டிராக்டர் ஓடி ஓடி அடிமண் தட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்கு எந்த ரகம் போட்டு என்ன?

இந்த வருஷம் அரை ஏக்கரில், இறுகிய அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பை ஓட்டி விதைத்திருக்கிறோம். பிடுங்கிப் பார்க்கலாம் என்றேன். காய்ப்பு முடியட்டும் என்கிறார் அப்பா.