என் படியை எனக்கு அளந்து: தாழ்மை, மனநிறைவு பற்றிய கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வேதாகமத்தின் நீதிமொழிகள், பிரசங்கி, யோபு ஆகிய நூல்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பொங்கோல் வாசகி: ஐயா, நாங்கள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். என் நாத்தனார் சென்ற மாதம் தனியார் கொண்டோமினியத்துக்குக் குடிபோனார். புதுமனை விருந்துக்குப் போய்வந்த நாள் முதல் என் வீட்டுக்குள் நுழையவே எனக்கு மனம் வரவில்லை. ஜெபித்தும் இது போகவில்லை.

அம்மா, விருந்துக்கு முந்தைய நாள் வரை அதே வீடு உங்களுக்குப் போதுமானதாகத்தானே இருந்தது? மனிதர் படும் பாடும் காட்டும் திறமையும் அயலான்மேல் உள்ள பொறாமையால் வருகின்றன என்று பிரசங்கி 4ஆம் அதிகாரத்தில் கூசாமல் சொல்கிறார். 'கியாசு' (பிறரிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம்) என்று சொல்லி நாம் சிரித்துக் கடந்துவிடும் குணத்தை அவர் நின்று உற்றுப் பார்க்கிறார். உடனே, கைகட்டி உட்கார்ந்திருக்கும் மூடனையும் கண்டிக்கிறார். அதன் பிறகுதான், அல்லலோடு இரண்டு கை நிறைய அள்ளுவதைவிட அமைதியோடு ஒரு கைப்பிடி நலம் என்கிறார். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கை உழைக்கிறது, மறு கை பிள்ளையைப் பிடித்துக்கொள்ளக் காலியாக இருக்கிறது.

நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவரின் ஜெபம் ஒன்று உண்டு. தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், 'என் படியை எனக்கு அளந்து' தாரும் என்று கேட்கிறார். எபிரேய மூலத்தில் அது 'எனக்குரிய பங்கு அப்பம்'. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் 'படி' என்று வைத்தார்கள். பாட்டி அரிசி அளந்த படியை நினைத்துக்கொள்ளுங்கள். உலை வைக்கிறவள் முதலில் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவாள். நீங்களும் கணவரும் ஒருநாள் உட்கார்ந்து உங்கள் வீட்டுப் படி எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்: கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருத்துவச் செலவு. நாத்தனார் வீட்டுக் கணக்கு அந்தத் தாளில் வர வேண்டியதில்லை. அடுத்த முறை அவர் வீட்டுக்கு நீங்கள் சமைத்ததை எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு போய் அளந்துகொண்டு திரும்பும்போதுதான் பொறாமை வளர்கிறது.

ஜூரோங் தங்குவிடுதியிலிருந்து ஓர் ஊழியர்: முதலாளி இரண்டு மாதமாகச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து, வேதமும் தாழ்மையாக இருக்கத்தான் சொல்கிறது" என்று அறைத்தோழர் என்னை அடக்குகிறார். நான் வாய் திறந்தால் தவறா, ஐயா?

தவறே இல்லை, தம்பி. உங்களுக்கு உரியதில் நிறைவடைவதுதான் மனநிறைவு. உங்களுக்கு உரியதைப் பிறர் பிடித்துவைத்திருக்கும்போது பேசாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கையில் பொருள் இருக்கையில் அயலானைப் பார்த்து 'போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன்' என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. ஏழையை ஒடுக்குகிறவன் அவனைப் படைத்தவரையே நிந்திக்கிறான் என்கிறது 14:31. தாழ்மையைப் போதிக்கும் அதே நூல்தான் இதையும் சொல்கிறது. இவ்வசனங்களை உங்கள் தோழருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். வேலை செய்த நாட்கள், மணிக்கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு மனிதவள அமைச்சை நாடுங்கள். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நீங்கள் காட்ட வேண்டிய தாழ்மை அவ்வளவுதான்.

ஒரு தாய், தெம்பனிஸ்: என் மகன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறான். "இருப்பதே போதும்" என்று படிக்க மறுக்கிறான்.

சோம்பேறி பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் சொல்லும் எறும்பை அவனுக்குக் காட்டுங்கள். உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2021 முதல் அந்தத் தேர்வின் மதிப்பீட்டு முறை பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதைக் கைவிட்டுவிட்டது. முடிவு வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அடைவுநிலையை (தேர்வில் பெற்ற தரநிலையை) நீங்களும் விசாரிக்காதீர்கள்.

ஈசூன் வாசகர்: நான் கிறிஸ்தவன் அல்லன். அடக்கமுடைமையை வள்ளுவரே சொல்லிவிட்டாரே, இதில் புதிதாக என்ன?

நல்ல கேள்வி. 'எல்லார்க்கும் நன்றாம் பணிதல்' என்று தொடங்கி, செல்வருக்கு அது இன்னொரு செல்வம் என்கிறார் வள்ளுவர். நீதிமொழிகளும் அதை மறுக்காது. ஆனால் 22:4 தாழ்மையையும் கர்த்தருக்குப் பயப்படுதலையும் ஒரே மூச்சில் சொல்கிறது. படைத்தவர் முன் தன் அளவை அறிந்தவனுக்கு மனிதர் முன் பணிவது கடினமல்ல என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். குறளை வாசித்து வளர்ந்தவருக்கு நீதிமொழிகள் அந்நியமாகத் தோன்றாது. தயங்காமல் திறந்து பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: நெருங்கிய நண்பருக்குப் புற்றுநோய். பார்க்கப் போனால் என்ன வசனம் சொல்வது?

முதல் நாளில் எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். பிறகு வாய் திறந்து, நீ பாவம் செய்ததால்தான் இந்தத் துன்பம் என்று காரணம் சொல்லத் தொடங்கினார்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் வருகிறது. புலம்பிப் புலம்பிக் கேள்வி கேட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்று அவர் சொல்கிறார். பிறர் துன்பத்துக்கு விளக்கம் என் கையில் இருக்கிறது என்று எண்ணுவதைவிடப் பெரிய அகந்தை எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் நண்பர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள். சிகிச்சைக்குப் பிறகு அவரால் எதைச் சாப்பிட முடிகிறது என்று அவர் மனைவியிடம் கேட்டு, கஞ்சியோ ரசமோ எடுத்துச் செல்லுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.