கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற மூளைக் கட்டி கேன்சர் இல்லையாமே, ஆபரேஷனோடு முடிந்துவிடுமா?

முடியாது. உங்கள் பையனுக்கு 7 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், பயமுறுத்தச் சொல்லவில்லை. "கேன்சர் இல்லை" என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியானவள்தான் நானும்.

என் மகளுக்கு 9 வயதில் கண்டுபிடித்தார்கள். 2 வருடமாக அதே யூனிஃபார்ம் அவளுக்குப் பொருந்தியது, செலவு மிச்சம் என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ராத்திரியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், எழுந்து எழுந்து பாத்ரூம் போனாள். சர்க்கரை டெஸ்ட் நார்மல். பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் போய் மோதிக்கொண்ட பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தோம். ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, பார்வை நரம்பை அழுத்திக்கொண்டு கட்டி.

"முழுசாக எடுக்கவில்லையாமே" என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அது பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதாலமஸ் என்ற மூளைப் பகுதியில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டினால் குழந்தைக்குப் பசி அடங்கவே அடங்காது, உடம்பு ஊதிக்கொண்டே போகும். முடிந்ததை எடுத்து, மிச்சத்துக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். மாத்திரையிலேயே சுருங்குமே என்பவர்களுக்கு: 2023-ல் வந்த ஆய்வில் 16 பேரில் 15 பேருக்குச் சுருங்கியது நிஜம். ஆனால் அது பெரியவர்களுக்கு வரும் பாப்பிலரி வகை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு.

அப்புறம் பிட்யூட்டரி வேலை செய்யவில்லை. தைராய்டு ஹார்மோனுக்குத் தைராக்சின், உடம்பு நோயைத் தாங்க உதவும் கார்ட்டிசோல் ஹார்மோனுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன், சிறுநீரைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரசின், எல்லாம் ஆயுசுக்கும். ஹைட்ரோகார்ட்டிசோனை ஒரு வேளைகூட விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் டோஸ் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் அதையே ஊசியாகப் போட வேண்டும்.

ஒரு ராத்திரி காய்ச்சல், வாந்தி, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் பக்கம் ஆட்டோவில் கிளம்பினோம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. எத்தனை வருடமாகக் கேட்கிறோம், ஒரு வண்டி போகிற அளவுக்காவது வழி விடுங்கள் என்று! வடசென்னை உயிர் என்றால் அவ்வளவு இளக்காரமா? ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றார் டியூட்டி டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டிக் கத்திய பிறகுதான் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். விடிவதற்குள் "பசிக்குதும்மா" என்றாள்.

டாக்டரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அபூர்வமான நோய், அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கு அனுப்பும் முன் காய்ச்சல், வாந்தி வந்தால் எந்த ஊசி, எவ்வளவு என்று டாக்டர் கையெழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று, ஸ்கூல் பையில் ஒன்று, என் பர்சில் ஒன்று இருக்கிறது.