ஹோவர்ட் கவுண்டி ஸ்கூல் எல்லை மாத்தம்: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

மேரிலாண்ட் ஹோவர்ட் கவுண்டில பதினஞ்சு வருஷமா இருக்கேன். 2019 ரீடிஸ்ட்ரிக்டிங் (எந்த ஏரியா புள்ளைங்களுக்கு எந்த ஸ்கூல்ங்கற எல்லைய மாத்தி வரையறது) அப்ப, மக்கள் கருத்தக் கேக்கற ஹியரிங் ஹியரிங்கா போய் உக்காந்தவன், என் பொண்ணுக்கும் அதுல ஸ்கூல் மாறுச்சு. மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஸ்கூல வீட்டுப் பத்திரத்துல எழுதித் தர மாட்டாங்க.

அண்ணா, எலிகாட் சிட்டில வீடு பாத்திருக்கோம், ஏஜென்ட் இந்த ஹைஸ்கூல் உறுதின்னு சொல்றாரு. நம்பலாமா?

நம்பாதீங்க தம்பி. இன்னிக்கு அந்த ஸ்கூல்ங்கறது நிஜம், உங்க பையன் ஒம்பதாவது போறப்பவும் அதே ஸ்கூல்னு எந்த ஏஜென்டாலயும் சொல்ல முடியாது. 1967லயே பெர்ன்ஸ்டீன் வழக்குல மேரிலாண்டோட உச்ச கோர்ட் தீர்த்துச் சொல்லிடுச்சு, குறிப்பிட்ட ஒரு ஸ்கூல்லதான் படிப்பேன்னு யாருக்கும் தனி உரிமை கிடையாது, இன, மத பாகுபாடோ சமமான படிப்பு கிடைக்காத நிலைமையோ இருந்தாத்தான் வேற பேச்சு. அதுக்கப்புறம் எல்லை மாத்தத்த எதிர்த்து யார் போனாலும் இந்தத் தீர்ப்பத்தான் எடுத்து முன்னாடி வைப்பாங்க, ஸ்கூல் போர்டு மனம்போன போக்குல முடிவெடுத்துச்சுன்னு நிரூபிக்கற பாரம் நம்ம தலையில. 2019 ஆகஸ்ட்ல அப்ப கவுண்டி ஸ்கூல்களுக்குத் தலைமை அதிகாரியா இருந்த சூப்பரின்டென்டன்ட் மார்ட்டிரானோ 7,400 புள்ளைங்கள மாத்தற மாதிரி திட்டம் வெச்சாரு, நவம்பர் 21 ராத்திரி போர்டு ஓட்டுப் போட்டு முடிச்சப்ப 5,400 பேர் சொச்சம். அதுல அதுக்கு முந்துன மாசம்தான் வீடு வாங்குனவங்களும் இருந்தாங்க. அந்த வீடு, அந்தத் தெரு, ஆபீஸ் தூரம் புடிச்சிருந்தா வாங்குங்க. ஸ்கூலுக்காக மட்டும் கூடுதலா கொட்டாதீங்க.

ஸ்கூல்ல எடம் இல்லைன்னு எப்படிக் கணக்குப் போடறாங்க? எங்க பொண்ணு ஸ்கூல் பின்னாடி போர்ட்டபிள் கிளாஸ்ரூம் (கொண்டாந்து வெக்கற தற்காலிக ரூம்) இருக்கே, அது சேராதா?

நல்ல கேள்வி சகோதரி, முக்கால்வாசிப் பேர் இதக் கேக்காமலே சண்டைக்குப் போயிடறாங்க. மாநிலக் கணக்குல ஹைஸ்கூலுக்கு ஒரு ரூமுக்கு 25 புள்ளைங்க, மொத்தத்துல 85 சதவீதம்தான் எடுப்பாங்க, ஏன்னா எல்லா ரூமும் எல்லா பீரியடும் ஓடாது. 60 ரூம்னா 1,500 வரும், அதுல 85 சதவீதம் 1,275. போர்ட்டபிள் இதுல சேராது, சேரவும் கூடாது. பின்னாடி பத்து போர்ட்டபிள் போட்டா 250 பேர் உக்காரலாம், ஆனா கேஃபடீரியா அதே கேஃபடீரியா, மாடிப்படி அதே மாடிப்படி, பாத்ரூம் அதே பாத்ரூம். லஞ்ச் காலைல பத்தரைக்கே ஆரம்பிக்க வேண்டிவரும். புள்ளைங்க எண்ணிக்கைய ஸ்கூல் கொள்ளளவுல 90லேந்து 110 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கறதுதான் இங்க இலக்கு.

புது ஸ்கூல் கட்டிட்டுப் போக வேண்டியதுதானே?

மேரியட்ஸ் ரிட்ஜ் ஹைஸ்கூல 2005ல தொறந்தாங்க. அதுக்கடுத்த ஹைஸ்கூல், ஜெஸப்ல கில்ஃபோர்ட் பார்க், 2023 ஆகஸ்ட்ல. நடுவுல 18 வருஷம். எடம் புடிக்கணும், மாநிலம் பங்குப் பணம் தரணும், கவுண்டி பட்ஜெட்ல வரிசை வரணும். புது அபார்ட்மென்ட்தான் காரணம்னு எல்லாரும் கைய நீட்டறாங்க, ஸ்கூல் நெரிசலா இருந்தா பக்கத்துல புது வீடு கட்டறதத் தள்ளி வெக்கற சட்டம் ஒண்ணு இருக்கு, 2018ல அத இறுக்கி ஹைஸ்கூல் நெரிசலையும் சேத்தாங்க, சரிதான். ஆனா முப்பது வருஷமா ஒரே வீட்ல இருந்த வயசானவங்க வித்துட்டுப் போறாங்க, அங்க ரெண்டு புள்ளையோட நம்மள மாதிரி ஒரு குடும்பம் வருது. இத எந்தச் சட்டமும் தடுக்காது, தடுக்கவும் கூடாது. நெரிசல்ல நாமளும் ஒரு பங்கு.

பையன் பன்னெண்டாவது போறான், அவனையும் மாத்துவாங்களா?

பொதுவா பன்னெண்டாவதத் தொட மாட்டாங்க. ஆனா பஸ் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

ஃப்ரெண்ட் வீட்டு அட்ரஸ் குடுத்துச் சேக்கலாமா?

வேண்டாம். புடிச்சா புள்ளைய நடு வருஷத்துல எடுத்துடலாம், வெளி கவுண்டிக்காரங்கன்னா ஃபீஸும் கேக்கலாம்.

எச்1பி விசா ரினியூவல்ல இருக்கு, இப்ப வீடு வாங்கலாமா?

வக்கீலக் கேளுங்க சார், என் துறை இல்ல.

2019ல நடந்தது நெரிசலுக்காக இல்ல, ஏழைப் பிள்ளைங்களையும் பணக்காரப் பிள்ளைங்களையும் கலக்கத்தான். உண்மையச் சொல்லுங்க.

ரெண்டும் இருந்துச்சு. யாரும் ஒளிக்கல. இலவச, சலுகை விலைச் சாப்பாடு வாங்கற புள்ளைங்க சில ஸ்கூல்லயே குவிஞ்சிருக்காங்கன்னு திட்டத்துலயே எழுதியிருந்துச்சு. 2007ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தனிப் புள்ளைய இனம் பாத்து எந்த ஸ்கூல்னு போடறதுக்கு வழிய அடைச்சதுக்கப்புறம் பல ஊர்லயும் வருமானத்தத்தான் பாக்கறாங்க.

அப்ப நாங்க உழைச்சு வாங்குன வீட்டுக்கு மதிப்பில்லையா? ரிவர் ஹில் ஹைஸ்கூல்லேந்து வைல்ட் லேக் ஹைஸ்கூலுக்கு அனுப்பறது நியாயமா?

உழைப்ப யாரு இல்லைன்னா? தூரம், பஸ் நேரம், ஒரே தெருப் புள்ளைங்கள ரெண்டாப் பிரிக்கறது, இதெல்லாம் நியாயமான வாதம், நானே மைக் முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன். ஆனா ‘அந்த ஸ்கூலுக்கா எங்க புள்ளைய அனுப்பறீங்க’ன்னு சிலர் பேசறப்ப, அந்த ஸ்கூல் புள்ளைங்க அதே ஹால்ல உக்காந்து கேட்டுட்டிருந்தாங்க. பதினஞ்சு வயசுப் புள்ளைங்க. அதுல நம்மாளுங்க குரலும் இருந்துச்சு, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. 1967ல ஜேம்ஸ் ரௌஸ்ங்கற கட்டுமானத் தொழிலதிபர் இதே கவுண்டில கொலம்பியாங்கற ஊர உருவாக்குனதே எல்லா இனமும் எல்லா வருமானமும் ஒரே ஊர்ல சேந்து வாழணும்னுதான், அந்த ஊர்லயே இப்படி.

கருத்து சரி, ஆனா உங்க பொண்ணுக்குன்னு வந்தப்ப நீங்க ஒத்துக்கிட்டீங்களா?

ஒத்துக்கல, எதிர்த்தேன், தோத்தேன். 2020ல கொரோனாவால எல்லாம் ஆன்லைன், புது ஸ்கூல் வாசப்படி மிதிக்காம பல மாசம் ஸ்க்ரீன்லயே படிச்சா, அழுதா. அப்புறம் அங்கதான் அவளுக்கு நல்ல கெமிஸ்ட்ரி டீச்சர் கெடச்சாங்க. ரெண்டும் நடந்துச்சு.

வெப்சைட் ரேட்டிங் 9 போட்டிருக்கு, நல்ல ஸ்கூல்தானே?

இந்தக் கேள்வியே இது நாலாவது. அந்த நம்பர்ல பெரும் பங்கு டெஸ்ட் மார்க், டெஸ்ட் மார்க்ல பெத்தவங்க வருமானத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்கூலுக்கு நேர்ல போங்க.

எங்க தெரு மாறுமா? / எங்க கம்யூனிட்டி மாறுமா?

ஒவ்வொருத்தருக்கும் தனியா ஜோசியம் சொல்ல முடியாதுங்க. திரும்பவும் சொல்றேன், பத்திரத்துல ஸ்கூல் இல்ல.

சரி, நாங்க என்னதான் செய்யறது?

உங்க வீடு எந்த பாலிகன்னு (மேப்ல நம்பர் போட்டுப் பிரிச்ச சின்ன ஏரியா) பாருங்க, எல்லாமே அந்த நம்பர வெச்சுத்தான் நகரும். ஜூன்ல வர்ற ஃபீஸிபிலிட்டி ஸ்டடிய (எந்த ஸ்கூல்ல எவ்வளவு நெரிசல் வரும்னு சொல்ற அறிக்கை) அப்பவே படிங்க, உங்க ஸ்கூல் 110 சதவீதம் தாண்டுதா, எந்த வருஷம் தாண்டுதுன்னு அதுல டேபிள் இருக்கும். நவம்பர்ல ஓட்டு வர்றப்ப ஓடி வராதீங்க, ஹியரிங்ல பேச செப்டம்பர்லயே பேர் குடுங்க. பேச மூணு நிமிஷம்தான், அழுகைக்கு ஒரு நிமிஷம் போனா கணக்குக்கு ரெண்டுதான் மிச்சம். பக்கத்து பாலிகன் ஆளையும் கூட்டிட்டுப் போங்க.