இரைப்பைக் குறைப்புக்குப் பின் உணவு இறங்க மறுக்கிறதே?

கேள்வி: எனக்கு 38 வயது. உடல் பருமனுக்காக மூன்று மாதங்களுக்கு முன் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை 93 ஆகியிருக்கிறது. வேலைக்குத் திரும்பியதிலிருந்து, மதிய உணவில் நாலைந்து வாய் சாப்பிட்டதுமே நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்கிறது. எச்சில் ஊறி, வாரத்தில் இரண்டு மூன்று முறை வாந்தியாகிறது. முடி கொத்தாக உதிர்கிறது. பத்து நாட்களாக எடையும் குறையவில்லை. இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் எப்படி என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். அறுவை சிகிச்சையில் ஏதேனும் கோளாறா? மூட்டு வலிக்கு முன்பு போட்ட மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: தண்ணீரும் மற்ற திரவங்களும் உங்களுக்குத் தடையின்றி இறங்குகின்றனவா என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்புவது. இறங்குகின்றன என்றால், அறுவை சிகிச்சையில் கோளாறு என்பதைவிட, சாப்பிடும் வேகம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலைக்குத் திரும்பிய பிறகே தொந்தரவு தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதையே காட்டுகிறது. திரவமே இறங்காமல் திரும்புகிறது என்றால், எஞ்சிய இரைப்பையில் எங்கேனும் குறுகல் ஏற்பட்டிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, ஒரு குறுகலான குழாய் மட்டுமே மிஞ்சுகிறது. அகற்றப்படும் பகுதியில், உணவு வரவர விரிந்து இடம் கொடுக்கும் மேல்பகுதியும் சேர்ந்து போய்விடுவதால், சரியாக மெல்லாத ஒரே ஒரு கவளம்கூட உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, நெஞ்சை அடைப்பதுபோல் தோன்றவைக்கும். எச்சில் ஊறுவது, சிக்கிய உணவை நகர்த்த உடல் செய்யும் முயற்சி. அந்தக் கட்டத்தில் தண்ணீர் குடித்து உணவைத் தள்ளப் பார்ப்பது பலரும் செய்வது; வாந்தியில்தான் முடியும்.

போதும் என்று உடல் சொல்லும் விதமும் இப்போது மாறியிருக்கும். பழைய வயிறு நிறைந்த உணர்வுக்குக் காத்திருந்தால் அளவு தாண்டிவிடும். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிதல், சிலருக்கு நெஞ்செலும்புக்குக் கீழே லேசான இறுக்கம் என்று அடையாளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்களுடையது எது என்று கவனித்து, அது வந்ததும், தட்டில் என்ன மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். சிறிய கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, விழுங்கிய பிறகே அடுத்த வாய்க்குக் கையை நீட்டுங்கள். மறுபடி சூடாக்கி உலர்ந்துபோன இறைச்சியும், வாயில் பிசுபிசுப்பாக உருளும் மாவுப் பண்டங்களும்தான் அதிகம் சிக்குகின்றன. ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் தேவை. இடைவேளை அதற்குப் போதாதென்றால் அவசரப்படாமல் பாதியைச் சாப்பிட்டு, மீதியை இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். உணவுடன் எதையும் குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் ஆனபின், நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்துங்கள்.

இந்த வாந்தியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்கு ஒரு காரணம் உண்டு. வைட்டமின் பி1, அதாவது தயமின், உடலில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும் சத்து. வாந்தி நாள்கணக்கில் நீடித்து அது தீர்ந்துபோனால் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், குழப்பம், பாதங்களில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருப்பதையும், வாந்தி இருப்பதையும் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் செலுத்தும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

முடி உதிர்வு, வேகமாக எடை குறையும் பலருக்கும் மூன்றாவது மாதத்தை ஒட்டித் தொடங்கி, பெரும்பாலும் சில மாதங்களில் தானே நிற்கிறது. வேர் சாவதில்லை, முடி திரும்ப வளரும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் கிடைக்கும்படி, ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, பால் பொருள் என்று புரதத்தையே முதலில் சாப்பிடுங்கள். முடிக்கு என்று பலரும் போடும் பயோட்டின் (ஒரு பி வகை வைட்டமின்) மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டிவிடும். எடை இடையிடையே நிற்பது இயல்பு. தினமும் எடை பார்ப்பதை விட்டு, வாரம் ஒரு முறை பாருங்கள். வீட்டாரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொல்லிக் கேட்காததை மருத்துவர் ஒரு முறை சொன்னால் கேட்பார்கள்.

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையை இன்னும் செய்யவில்லையென்றால் இப்போது செய்துகொள்ளுங்கள். இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளை 6, 12 மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தடைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்கு நீங்கள் முன்பு போட்டது இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரையாக இருந்தால், அறுவை சிகிச்சை செய்தவரைக் கேட்காமல் தொடராதீர்கள். இரைப்பையில் புண் உண்டாக்கக் கூடியவை அவை. கல்லீரல் கோளாறு ஏதும் இல்லையென்றால், சொல்லப்பட்ட அளவுக்குள் பாரசிட்டமால் போடலாம். 19 கிலோ குறைந்த பிறகும் மூட்டில் பழைய வலி அப்படியே இருக்கிறதென்றால், மாத்திரையை மாற்றுவதற்கு முன் மூட்டையே ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.