முக்கால்வாசியில் நிற்கும் மென்பொருள்

அன்புள்ள ஐயா,

மருந்துக் கடைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளை, வேலை முடிந்த பிறகு இரவுகளில் இரண்டு ஆண்டுகளாக முதலிலிருந்து திரும்ப எழுதிவருகிறேன். பழையது ஓடுகிறது, ஆனால் ஓரிடத்தில் கைவைத்தால் வேறிடத்தில் உடைகிறது. புதியது முக்கால்வாசியிலேயே நிற்கிறது. தொடர்வதா, விட்டுவிடுவதா?

செ.

அன்புள்ள செ.,

நெட்ஸ்கேப் நிறுவனமும் இதே இடத்தில் நின்றது. 1998 மார்ச்சில் தன் பிரவுசரின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்ட அந்நிறுவனம், அவ்வாண்டு முடிவதற்குள் அதில் பெரும்பகுதியைக் கைவிட்டுப் புதிதாக எழுதத் தீர்மானித்தது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. 2000 நவம்பரில் வந்த ஆறாம் பதிப்போ மந்தமாகவும் பிழைகளோடும் இருந்தது. அதற்குள் விண்டோஸோடு சேர்ந்தே வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துக்கொண்டது. முதலிலிருந்து எழுதாதே என்று எச்சரிப்பவர்கள் கதையை இங்கே முடித்துவிடுவார்கள், அது பாதிக் கதைதான்.

அந்த முயற்சியில் உருவான கெக்கோ, அதாவது பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் எந்திரம், நன்றாகவே இருந்தது. பிரவுசர், மின்னஞ்சல், பக்கம் தயாரிக்கும் கருவி என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பெருந்தொகுப்புதான் கனத்தது. 2002இல் சிலர் கெக்கோவை வைத்துக்கொண்டு, மின்னஞ்சல் முதலியவற்றை விட்டுவிட்டு, சிறிய பிரவுசர் ஒன்றைத் தொடங்கினார்கள். நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் 2003இல் அதன் குழுவைக் கலைத்த பின்னும் மொசில்லா என்ற அறக்கட்டளையில் தொடர்ந்த அந்த வேலைதான் 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது.

உங்கள் புதிய நிரலிலும், சரக்கிருப்போ ஜிஎஸ்டி கணக்கோ, தனித்து ஓடக்கூடிய பகுதி ஏதேனும் இருந்தால் அதைப் பழைய மென்பொருளுக்குள் பொருத்தி ஒரே ஒரு கடையில் கொடுத்துப் பாருங்கள். அப்படி எதுவுமே இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிடலாம்; இதுவரை கண்விழித்த இரவுகளை அதற்கு எதிராகக் கணக்கில் வைக்காதீர்கள். பழைய நிரலில் உங்கள் கண்ணை உறுத்தும் வரிகளில் பலவும், காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்புவது, அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை மட்டும் வெட்டி விற்பது என்று கடைக்காரர்கள் எப்போதோ போனில் சொல்லி நீங்கள் சேர்த்தவையாக இருக்கும். முடியாமல் நிற்கும் கால்வாசி பெரும்பாலும் அவைதான் என்பது என் ஊகம். ஆகவே சோதித்துப் பார்க்கும் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, பொறுமைசாலியை விட்டுவிட்டு, பில் தப்பாக வந்த நிமிடமே போன் செய்து திட்டுபவரின் கடையைத் தேர்ந்தெடுங்கள்.