காசு கொடுத்துப் புத்தகம் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பதினான்கு கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி அச்சிட்டு 50 பிரதியை எனக்குத் தருவதாகவும், மீதியில் விற்பதற்கு 10 சதவீதம் ராயல்டி என்றும் ஒரு பதிப்பகத்தில் சொல்கிறார்கள். 160 பக்கம், விலை 200 ரூபாய். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாக 3,000. கட்டலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 250 பிரதியும் ஒன்று விடாமல் விற்றால்கூட, பிரதிக்கு 20 ரூபாய் வீதம் உங்களுக்கு வருவது 5,000. கையில் இருக்கும் 50 பிரதியை முழு விலைக்கு நீங்களே விற்றால் 10,000. ஆக 48,000 போட்டு 15,000 எடுக்கிறீர்கள், அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால். எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. சொந்தக் காசைப் போட்டு அச்சிட்ட பதிப்பாளர் அதைத் திரும்ப எடுக்கக் கடை கடையாக ஏறுவார், புத்தகக் காட்சியில் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார். உங்கள் காசில் அச்சிட்டவருக்கு லாபம் முதல் நாளே வந்துவிட்டது, அப்புறம் அவர் எதற்கு அலைய வேண்டும்?

ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மத்திய அரசு நடத்தும் முகமை இலவசமாகத் தருகிறது, தனிநபரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வரும் என்று நம்பி அச்சிட்டு, வராவிட்டால் பரணில் ஏற்றுவார்கள். இன்றைக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் பிரின்ட் ஆன் டிமாண்ட் முறையில் முப்பது, ஐம்பது பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். பிரதிக்கான செலவு மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டைவிடக் கூடத்தான், ஆனால் பணம் முடங்காது. மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு நல்ல எடிட்டரையும் மெய்ப்புத் திருத்துபவரையும் பிடியுங்கள், தமிழில் சொந்தமாகப் போடுகிற புத்தகங்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

என் முதல் புத்தகத்தில் பட்டது இது. எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடில் நான் தட்டச்சு செய்து கொடுத்த கோப்பை, பக்கம் வடிவமைத்த இடத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் 'ஸ்ரீ' என்கிற எழுத்து மட்டும் புத்தகம் முழுக்க உதிர்ந்துபோனது. கதையில் வரும் என் பாட்டி ஸ்ரீரங்கம்மாள், நாற்பது இடத்திலும் வெறும் ரங்கம்மாள். திரையில் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான்தான், ஆனால் நான் பார்த்தது மாற்றுவதற்கு முந்தைய கோப்பை. ஆகவே கடைசிப் பக்க வடிவத்தைத் தாளில் எடுத்து, வரிக்கு ஸ்கேல் வைத்துப் படியுங்கள். திருத்தம் முடிந்த யூனிகோடு கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மின்னூலுக்கு அதுதான் வேண்டும்.

எப்போதாவது ஒரு பதிப்பகம் தன் காசில் போட முன்வந்தால், ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், அச்சுக்கு மட்டுமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்புக்குமா என்று பாருங்கள். நம் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ளப்படும். 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: அமேசானின் கிண்டிலில் நாவலை மின்னூலாக ஏற்றினால் அதையே அச்சிலும் கொண்டுவரலாமா? 70 சதவீதம் தருகிறார்கள் என்பது உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அச்சில் தாராளமாகக் கொண்டுவரலாம் தம்பி. கிண்டிலில் 35, 70 சதவீதம் என்று இரண்டு ராயல்டி உண்டு. இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமென்றால் அவர்கள் வகுத்த விலை வரம்புக்குள் இருக்க வேண்டும், மின்னூலை அவர்களுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்திலும் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்கிற கதைத் தளத்திலோ உங்கள் வலைப்பூவிலோ அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிட்டடில் எடுத்துப் படிப்பவர்களின் கணக்கு வேறு, அங்கே படிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் பணம். பாதியில் மூடி வைத்தால் பாதிப் பணம்தான்.

கேள்வி: புத்தகம் வருவதற்கு முன்பே நண்பர்களிடம் பணம் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இல்லவே இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையர் அதைத்தான் செய்தார். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, புத்தகம் வாங்குவோம் என்று முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கினார். நீங்கள் ஒரு வாட்சப் குழுவில் கேட்கப்போகிறீர்கள், அவ்வளவுதான். எத்தனை பேர் பணம் அனுப்பினார்களோ அதற்கு மேல் இருபது பிரதி சேர்த்து அச்சிடுங்கள். சொன்ன தேதிக்கு அனுப்பிவிடுங்கள், தாமதமானால் அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: நானே வெளியிட்டால் புத்தகத்தை எங்காவது பதிய வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காப்புரிமை எழுதியவுடனே உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உண்டு, பதிவு கட்டாயமில்லை. ஆனால் 1954ஆம் வருடச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, அப்புறம் நம் சென்னை கன்னிமாரா என்று நான்கு நூலகங்களுக்குச் சொந்தச் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்களில் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். எழும்பூருக்கு நேரில் போக முடிந்தால் கன்னிமாரா பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த ரங்கம்மாள், அந்த உதிர்ந்த 'ஸ்ரீ'யைப் பேனாவில் எழுதிச் சேர்த்த பிரதி, இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.