மாநிலத் தலைவர் பதவிக்குப் போட்டி: பினாங்குக் கிளைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பட்டர்வொர்த்): மாநிலத் தலைவர் பதவிக்கு வேட்புமனு யாரிடம் கொடுக்க வேண்டும் அண்ணே?

எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது தம்பி. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்), அம்னோ (மலாய்க்காரர் கட்சி), பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) மூன்றிலும் மாநிலத் தலைவரை மேலிடம் நியமிக்கிறது. அங்கே நீங்கள் ஓட்டு வாங்கி வெல்லக்கூடியது தொகுதித் தலைவர் பதவிதான். ஜ.செ.க.வில் (ஜனநாயகச் செயல் கட்சி) தேர்தல் உண்டு, ஆனால் தலைவருக்கென்று தனி வேட்புமனு கிடையாது. மாநில மாநாட்டில் கிளைப் பேராளர்கள் 15 பேரைச் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 15 பேரும் தனியாகக் கூடி, தங்களுக்குள்ளேயே தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளைப் பிரித்துக்கொள்வார்கள். ஆக, தேர்தல் இரண்டு. முதலாவதற்கு நூற்றுக்கணக்கில் ஓட்டு வேண்டும். இரண்டாவதற்கு எட்டுப் பேர் போதும்.

கேள்வி (ஜெலுத்தோங்): அதிக ஓட்டு வாங்கியவர்தானே தலைவராக வேண்டும்?

அப்படி விதி இல்லை. முதலிடத்தில் வந்தவருக்கு ஏழு பேர்தான் ஆதரவு என்றால் எட்டுப் பேரை வைத்திருப்பவர்தான் தலைவர். அதனால் உங்கள் பெயருக்கு மட்டும் ஓட்டுக் கேட்காதீர்கள். உங்களை ஆதரிக்கப்போகும் ஏழு பேரும் 15-க்குள் வரவேண்டும். நன்றாக ஓடியவர்கள்கூடத் தோற்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி (பிறை): நம் தமிழ்ப் பேராளர்கள் எல்லாரும் ஒற்றுமையாகப் போட்டால் ஒருவரை உள்ளே கொண்டுவர முடியாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 1,000 பேராளர்கள், 40 வேட்பாளர்கள் என்று வைப்போம். ஆளுக்கு 15 ஓட்டு என்றால் மொத்தம் 15,000. ஒரு வேட்பாளருக்குச் சராசரி 375. தமிழ்ப் பேராளர்கள் 150 பேர் ஒருவர் விடாமல் போட்டாலும் சராசரியில் பாதியைத் தொடவில்லை. மீதி ஓட்டு சீனப் பேராளர்களிடமிருந்துதான் வரவேண்டும். அதற்கு வழி ‘மெனு’. மாநாட்டுக்கு முதல் நாள் இரவு ஒவ்வோர் அணியும் பேராளர்களின் கைப்பேசிக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியல் அது. ஒரே அணியின் மெனுவில் கடைசிப் பெயராக இருப்பது ஆபத்து. ஓட்டு குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அந்தப் பெயர். போட்டி அணிகள் இரண்டிலும் இடம் பிடிப்பதே பாதுகாப்பு. அதற்கான பேச்சு மாநாட்டு வாரத்தில் தொடங்கினால் நடக்காது. கிளைகள் பேராளர் பட்டியலை முடிவு செய்வதற்கு முன்பே தொடங்கவேண்டும். இன்னொன்று: 15-க்கு மேல் ஒரு குறி விழுந்தாலும் அந்தச் சீட்டு முழுவதும் செல்லாது. மூத்த பேராளர்களுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (நிபோங் திபால்): கிளை அளவில் எது அதிகமாகத் தவறிப்போகிறது?

காகித வேலை. கூட்ட அறிவிப்பு உறுப்பினருக்குப் போன நாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஐ.சி. (அடையாள அட்டை) எண், கூட்டக் குறிப்பு, இவை நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பதிவேட்டில் 22 கையெழுத்து, கூட்டக் குறிப்பில் 25 பேர் என்று இருந்தால், எதிரணிக்கு அது போதும். உங்கள் பேராளர்கள் அத்தனை பேரையும் கேள்விக்குள்ளாக்குவார்கள். கட்சிகளும் சங்கங்களாகவே பதிவாகின்றன. சங்கச் சட்டம் 1966-இன்படி ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவதிகாரிக்குப் போயாக வேண்டும். உங்கள் கிளையின் விவரம் தலைமையகத்துக்குத் தாமதமாகப் போனால் அங்கேயும் இழுக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987-இல் அம்னோ தலைவர் பதவிக்கு அப்போதைய பிரதமர் மகாதீர் வாங்கியது 761 ஓட்டு, அவரை எதிர்த்த தெங்கு ரசாலி வாங்கியது 718. வித்தியாசம் 43 ஓட்டு. தோற்ற தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். பதிவு பெறாத 30 கிளைகள் இருந்தது தெரியவந்து, 1988 பிப்ரவரியில் கட்சியே சட்டவிரோத அமைப்பு என்று தீர்ப்பானது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஓட்டு எண்ணும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

சீட்டை மட்டும் பார்த்தால் போதாது, கூட்டலையும் பாருங்கள். 2012 டிசம்பரில் பினாங்கில் நடந்த ஜ.செ.க. தேசிய மாநாட்டில் சீட்டில் கோளாறு இல்லை. எக்செல் அட்டவணையில் எண்களை நகலெடுத்து ஒட்டியபோது தப்பு நேர்ந்தது. வென்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர் பின்னர் விலக வேண்டியதாயிற்று. சங்கப் பதிவதிகாரியின் உத்தரவால் 2013 செப்டம்பரில் மறுதேர்தல் நடந்தது. ஆகவே ஒவ்வொரு மேசையின் எண்ணிக்கைத் தாளையும் உங்கள் முகவர் கையால் எழுதிக்கொள்ளட்டும், முடிந்தால் படம் எடுக்கட்டும். முடிவு அறிவிக்கும் முன்பே மேசைவாரியாகக் கூட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி (பாயான் பாரு): முடிவில் தவறு இருந்தால் நீதிமன்றம் போகலாமா?

பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். சங்கச் சட்டத்தின் 18சி பிரிவு, கட்சியின் உள்விவகாரத்தில் கட்சி எடுக்கும் முடிவே இறுதியானது என்கிறது. கட்சிக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். எழுத்தில், கட்சி விதி குறிக்கும் கெடுவுக்குள். அதன் நகலோடு சங்கப் பதிவதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): பேராளர்களுக்குச் சாப்பாடு, பெட்ரோல் காசு கொடுக்கலாமா?

காசு கொடுக்காதீர்கள். தேர்தல் குற்றச் சட்டம் 1954 உள்கட்சித் தேர்தலுக்குப் பொருந்தாது என்பது சரி. ஆனால் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் ‘பொது அமைப்பு’ என்பதற்குள் பதிவு பெற்ற சங்கமும் வருகிறது. கட்சியும் அப்படிப்பட்ட சங்கம்தான், ஆகவே ஓட்டுக்குக் காசு கொடுப்பது ஊழல் வழக்கில் கொண்டுபோய் விடலாம். பேருந்து ஏற்பாடு செய்வதானால் கிளையின் பெயரில், ரசீதோடு, எந்த அணிக்காரரும் ஏறலாம் என்று வையுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): மாநிலத் தலைவரானால் முதலமைச்சராகிவிடலாமா?

இல்லை. 2024 செப்டம்பரில் ஸ்டீவன் சிம் பினாங்கு ஜ.செ.க. தலைவரானார்; சாவ் கொன் யாவ் முதலமைச்சராகத் தொடர்ந்தார். முதலமைச்சராக வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். ஸ்டீவன் சிம் நாடாளுமன்ற உறுப்பினர்.